குண்டு டயருக்கு ஏற்ற மட்கார்டு

நம்மில் பலர் தஞ்சையிலிருந்தும் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் இங்கே படிக்க வந்தவர்கள். மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை என்றே நம் மனத்தில் பதிந்திருக்கிறது. இந்த வங்காளத்துச் செம்மண் பூமியிலோ கணக்கு வேறு. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் மாதத்தில் வந்து சேர்ந்தால் செப்டம்பர் கடந்துதான் விடைபெறும். புதிய மாணவர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவதும், பழைய மாணவர்களிடம் சைக்கிளுக்கு விலை பேசுவதும் இந்த மழையின் நடுவில்தான்.

அண்மைக் காலமாக அவர்கள் ஆசைப்பட்டு வாங்குவது, கடைக்காரர் ‘ஃபேட் டயர்’ என்று சொல்லும் சைக்கிளை. நம் விடுதியில் அதற்குக் ‘குண்டு டயர்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. மேடு பள்ளம் உடம்பில் தெரிவதில்லை. மணலிலும் சேற்றிலும் தயங்காமல் போகிறது. எல்லாம் சரி. ஆனால் இந்த வண்டிகளுள் பல மட்கார்டு இல்லாமலே விற்பனைக்கு வருகின்றன. முதல் மழையன்றே வாங்கியவரின் முதுகில் இடுப்பு முதல் கழுத்து வரை ஒரு செந்நிறக் கோடு விழுகிறது. சட்டை போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். முதுகுப்பையில் இருக்கும் மடிக்கணினியையும் ஆய்வுக் குறிப்பேட்டையும் அப்படி விட்டுவிட முடியுமா?

ஆகவே மட்கார்டு வேண்டும் என்பதில் ஐயமில்லை. எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது என்பதுதான் கேள்வி. தவறாகப் பொருத்திய மட்கார்டு, மட்கார்டே இல்லாததைவிட அபாயமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நீர் முதுகில் ஏறுவது எப்படி?

சைக்கிள் முன்னோக்கிச் செல்லும்போது சக்கரத்தின் அடிப்பகுதி தரையைத் தொட்டு நிற்கிறது. அங்கே ஒட்டிக்கொண்ட நீர் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிறது. சக்கரத்தின் பின்விளிம்பு மேல்நோக்கி ஏறும். உச்சி முன்னோக்கி ஓடும். முன்விளிம்பு கீழ்நோக்கி இறங்கும். டயரின் பிடி தளர்ந்த கணத்தில் நீர்த்துளி வட்டத்தை விட்டுவிட்டுத் தொடுகோட்டின் வழியே நேராகப் பறக்கிறது. கவண்கல் பறப்பதும் இதே விதிப்படிதான்.

26 அங்குலக் குண்டு டயரின் வெளி விட்டம் ஏறத்தாழ 75 செ.மீ.; ஆரம் 37½ செ.மீ. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், டயரின் விளிம்பில் உள்ள துளியை வட்டப் பாதையில் பிடித்து வைக்கப் புவியீர்ப்பைப் போல எட்டு மடங்குக்கு மேற்பட்ட விசை வேண்டும். மெல்லிய நீர்ப்படலத்தின் ஒட்டுதலுக்கு அவ்வளவு வலிமை ஏது? துளி கழன்றுவிடுகிறது.

கழன்ற துளி எவ்வளவு உயரம் எழும்பும்? காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடலாம். பின்சக்கரத்தின் பின்விளிம்பில், அச்சின் மட்டத்தில், நேர் மேலாகப் புறப்படும் துளியை எடுத்துக்கொள்வோம். வேகம் மணிக்கு 10 கிலோமீட்டரானால் அது 39 செ.மீ. எழும்பும், 15 ஆனால் 89 செ.மீ.; 20 ஆனால் 1 மீட்டர் 57 செ.மீ. வேகம் இரு மடங்கானால் உயரம் நான்கு மடங்காகிறது. இதனோடு அச்சின் உயரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மெதுவாகப் போகிறவர் முதுகு நனையாமல் போவதும், வகுப்புக்கு நேரமாகி விரைகிறவர் தலைவரை நனைவதும் இதனால்தான்.

பின்விளிம்புக்கும் உச்சிக்கும் இடையே கழலும் துளிகள் முன்னும் மேலுமாகப் பறந்து நம் முதுகைச் சேர்கின்றன. பின்விளிம்புக்குக் கீழே கழல்பவை பின்னோக்கிப் பறந்து, பின்னால் வருகிறவர் முகத்தைச் சேர்கின்றன. முன்சக்கரத்திலும் இதே கதை நடக்கிறது. அதன் உச்சியில் கழன்ற நீர் முன்னே பறக்க, நாமே அதனுள் போய் முகத்தைக் கொடுக்கிறோம். அதன் அடிப்பகுதியில், தரையை விட்டு எழுந்தவுடன் கழன்ற நீர் பின்னோக்கிப் பாய்ந்து நம் பாதங்களையும் பெடலையும் செயினையும் தாக்குகிறது. பலர் பின்சக்கரத்துக்கு மட்டும் மட்கார்டு போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். முதுகுக்கு அது போதும். செயினுக்குப் போதாது. செம்மண் நீரில் கலந்துள்ள நுண்மணல் எண்ணெயோடு சேர்ந்தால் அரம்போல் செயினையும் பற்சக்கரத்தையும் தேய்த்துவிடும்.

குண்டு டயரின் தனிக்குணம்

இந்த டயர் பிறந்தது நம்மைப் போன்றோருக்காக அன்று. அலாஸ்காவின் பனிப்பாதைகளில் 1980-களில் சைக்கிள் ஓட்டியவர்கள், சக்கரம் பனியில் புதையாமல் இருப்பதற்காக இரண்டு ரிம்களை அருகருகே இணைத்து அகலப்படுத்திப் பார்த்தார்கள். 1987-இல் அங்கே ‘இடிடாபைக்’ என்ற பனிப்பாதைப் பந்தயம் தொடங்கியது. அமெரிக்காவின் ‘சர்லி’ நிறுவனம் 2005-இல் ‘பக்ஸ்லி’ என்ற வண்டியை 3.7 அங்குல டயருடன் விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு இந்த வகை உலகெங்கும் பரவியது. பனிக்காகப் பிறந்தது என்பதை நினைவில் வைத்தால் மட்கார்டு இல்லாமல் வருவதன் காரணமும் ஒருவாறு விளங்கும். உறைந்த பனி சட்டையைக் கறைப்படுத்தாது அல்லவா?

நம் அப்பா காலத்துச் சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குலம், அதாவது சுமார் 4 செ.மீ. அகலம். குண்டு டயர் 4 அங்குலம், சுமார் 10 செ.மீ. தரையிலிருந்து நீரை வாரும் அகலம் இரண்டரை மடங்கு. அதோடு அதன் முதுகில் பருத்த ரப்பர்க் கட்டைகள் இருக்கின்றன. அவற்றின் இடுக்குகளில் சேறு அப்பிக்கொண்டு, வேகம் கூடியதும் கட்டி கட்டியாக விடுபட்டுப் பறக்கும். ஆகையால் சாதாரண மட்கார்டுக்குச் சொல்லும் அளவுகள் இங்கே செல்லா.

மட்கார்டில் மூன்று வகை

முதல் வகை, இருக்கைக் குழாயில் ஒரு பட்டையால் இறுக்கிப் பின்னால் வால்போல் நீட்டி நிற்கும் பிளாஸ்டிக் பலகை. ஒரு நிமிடத்தில் மாட்டலாம். ஒரு நிமிடத்தில் கழற்றலாம். ஆனால் அது டயருக்கு வெகு உயரத்தில் நிற்கிறது. நீர் விசிறிபோல் விரிந்து பறப்பது; மட்கார்டு எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவு அகலமாகவும் இருந்தால்தான் அதைத் தடுக்க முடியும். சாதாரணச் சைக்கிளுக்குச் செய்த குறுகிய வாலைக் குண்டு டயருக்கு மாட்டினால், நடு முதுகு மட்டும் உலர்ந்திருக்க இரு பக்கமும் இரண்டு கோடுகள் விழும்.

இரண்டாம் வகை, வளையும் பிளாஸ்டிக் தகட்டை மடித்து, ஃபோர்க்கின் அடியிலோ முன்பக்கச் சாய்வுக் குழாயிலோ பிளாஸ்டிக் பட்டைகளால் கட்டுவது. விலை மிகக் குறைவு. முகத்துக்கு வரும் சேற்றைத் தடுக்கும். பாதத்தையும் செயினையும் காக்காது.

மூன்றாம் வகை, சக்கரத்தின் வளைவைத் தழுவி நிற்கும் முழுநீள மட்கார்டு. இருபுறமும் கம்பிகள் அதைத் தாங்கும். நான்கு மாத மழைக்கு உண்மையான மருந்து இதுதான். ஆனால் குண்டு டயருக்கென்றே செய்த அகலமானதாகப் பார்த்து வாங்க வேண்டும்; பொருத்துவதற்கும் பொறுமை வேண்டும்.

இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக் ஆகிய மூன்றிலும் கிடைக்கின்றன. இரும்பு உறுதியானது, ஆனால் பெயின்ட் உரிந்த இடத்தில் துருப்பிடிக்கும், கனமும் கூடுதல். அலுமினியம் இலேசானது; ஆனால் ஓயாத அதிர்வினால் துளைகளைச் சுற்றி விரிசல் காணலாம். வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக்கே மாணவர்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து. சைக்கிள் ஸ்டாண்டில் பத்து வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தாலும் அது மறுபடி நிமிர்ந்துவிடும்.

வாங்குமுன் அளக்க வேண்டியவை

கடைக்குப் போவதற்குமுன் கையில் ஓர் அளவுகோலோடு வண்டியின் அருகே கால் மணி நேரம் உட்காருங்கள்.

முதலில் டயரின் அகலம். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே டயர் குறுகிய ரிம்மில் ஒடுங்கியும் அகன்ற ரிம்மில் பரந்தும் நிற்கும். வழக்கமாக வைக்கும் அளவுக்குக் காற்றடித்து, டயரின் இருபுறமும் இரண்டு கெட்டி அட்டைப் புத்தகங்களை நேராக நிறுத்தி, இடைவெளியை அளந்தால் உண்மை அகலம் தெரியும். மட்கார்டு அதைவிடப் பக்கத்துக்கு 5 மி.மீ. வீதம் குறைந்தது 10 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். டயர் 100 மி.மீ. என்றால் மட்கார்டு 110-க்குக் குறையலாகாது. 120 இருந்தால் நிம்மதி.

இரண்டாவது, இடைவெளி. டயரின் உச்சிக்கும் ஃபோர்க்கின் தலைக்கும் இடையே எவ்வளவு இருக்கிறது? பின்னால், இருக்கைக்குக் கீழே இரு குழாய்களை இணைக்கும் குறுக்குத் துண்டுக்கும் டயருக்கும் இடையே எவ்வளவு? சாதாரணத் தார்ச்சாலைக்கு 10 மி.மீ. போதும். நம் செம்மண்ணுக்கு ஒரு கட்டைவிரல் அகலம், அதாவது 20 மி.மீ., தேவை. சேறு அப்பிய டயர் உலர்ந்த டயரைவிடப் பருத்தது என்பதை மறக்கக்கூடாது. இடைவெளி அவ்வளவு இல்லையென்றால் முழுநீள மட்கார்டு ஆசையை விட்டு முதல் இரு வகைகளோடு திருப்தி அடைவதே அறிவுடைமை.

மூன்றாவது, திருகுத் துளைகள். சக்கர அச்சு உட்காரும் இடத்தருகே, ஃபோர்க்கிலும் பின்சட்டத்திலும், கம்பிகளை மாட்டுவதற்கென்று 5 மி.மீ. திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் வேலை எளிது. இல்லையென்றால், உள்ளே ரப்பர் வைத்த கிளிப்புகளைக் குழாயைச் சுற்றி மாட்டி அவற்றில் கம்பியைப் பொருத்தலாம். எக்காரணம் கொண்டும் ஃபோர்க்கிலோ சட்டத்திலோ புதிதாகத் துளை போட விடாதீர்கள். துளை இட்ட இடம் பலவீனம் அடையும். ஃபோர்க் முறிந்தால் விழுவது நாம்தான்.

நான்காவது, உங்கள் வண்டியில் டிஸ்க் பிரேக் இருந்தால் அதன் இடம். தகடு சக்கரத்தின் இடப்பக்கம் இருக்கும். அதை இறுக்கும் பாகம் கம்பியின் வழியில் குறுக்கே நிற்கலாம். அப்போது திருகுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு சிறு குழல்துண்டைக் கொடுத்து, நீளமான திருகு போட்டுக் கம்பியை வெளியே தள்ளிவிட வேண்டும். கம்பியை வளைத்து நெளித்துப் பிரேக்கில் உரசும்படி விடக்கூடாது.

பொருத்தும் முறை

இந்த ஊர் ரிப்பேர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். எதைக் கேட்டாலும் ‘ஹொயே ஜாபே’, ஆகிவிடும் என்பார்கள். ஆகத்தான் ஆகும், ஆனால் எப்படி ஆகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சாதாரணச் சைக்கிளின் ஒடுங்கிய இரும்பு மட்கார்டைச் சுத்தியலால் தட்டி விரித்து மாட்டிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. விரித்த தகட்டின் ஓரம் கத்திபோல் டயரை நோக்கி நிற்கும். ‘வேண்டாம் தாதா’ என்று பணிவாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

பின்சக்கரத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். மட்கார்டின் முன்நுனியைப் பெடல் அச்சுக்குப் பின்னால் உள்ள குறுக்குத் துண்டில் கட்டுங்கள். பிறகு இருக்கைக்குக் கீழுள்ள குறுக்குத் துண்டில் இணையுங்கள். கடைசியாகக் கம்பிகளை அச்சருகே மாட்டுங்கள். எந்தத் திருகையும் இறுதிவரை முறுக்காமல் தளர்வாக வைத்து, எல்லாம் மாட்டிய பின், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து இடைவெளியைச் சரிசெய்து, அதன் பிறகே இறுக்க வேண்டும். முதல் திருகை முதலிலேயே இறுக்கினால் மட்கார்டு கோணிக்கொள்ளும்.

வலப்பக்கத்துத் திருகின் உள்நுனி வெளியே நீண்டு செயினைத் தொடாதபடி பாருங்கள். நீளமானால் வாஷர் போட்டு அளவாக்கலாம். அச்சு நட்டு வைத்த வண்டியாக இருந்து, கம்பியின் வளையத்தை அச்சிலேயே மாட்டுவதானால், வளையம் சட்டத்துக்கு வெளியேதான் வரவேண்டும். நட்டு முழுவதும் புரியில் ஏற இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த முறை வேண்டாம்.

நட்டுகள் அதிர்வில் கழலாமல் இருக்க, உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டுகளை வாங்குங்கள். பிளாஸ்டிக் பட்டை கட்டும் இடங்களில் பழைய டியூப் துண்டு ஒன்றை அடியில் வைத்துக் கட்டினால் நழுவாது, பெயின்ட்டும் உரியாது.

மட்கார்டின் கீழ்நுனிகளுக்கு ஒரு ரப்பர் நாக்கு வைப்பது மிகுந்த பயன் தரும். பழைய டியூபையோ ரப்பர் விரிப்பையோ வெட்டி இரண்டு திருகுகளால் மாட்டலாம். இதன் பயனைக் கணக்கே சொல்லும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், முன் மட்கார்டு தரைக்கு 19 செ.மீ. மேலே முடிந்துவிட்டால், அதன் அடியில் தப்பும் துளி அங்கிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் 20 செ.மீ. எழும்பக்கூடும். நாக்கு வைத்து 11 செ.மீ. வரை இறக்கினால் அது 80 செ.மீ. ஆகிறது, 5 செ.மீ. வரை இறக்கினால் 40 செ.மீ. தான். ஆனால் 5 செ.மீ.க்கு இறக்கினால் வேகத்தடையில் இடிக்கும்; 10 செ.மீ. சுற்றி வைப்பது நடைமுறைக்கு ஏற்றது. பின் மட்கார்டின் நாக்கு நமக்காக அன்று. பின்னால் வருகிற நண்பருக்காக. அதையும் வைப்பது நாகரிகம்.

முன்சக்கரத்தில் முழுக் கவனம்

பின் மட்கார்டு கோளாறு செய்தால் வண்டி நிற்கும். முன் மட்கார்டு கோளாறு செய்தால் சக்கரம் மட்டும் நிற்கும்; நாம் நிற்க மாட்டோம், ஹாண்டில்பாரைத் தாண்டி விழுவோம். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் என் விடுதித் தோழர் ஒருவருக்கு இதுவே நேர்ந்தது. ஒரே பட்டையால் கட்டிய முன் மட்கார்டு. நூலகச் சாலையில் உதிர்ந்து கிடந்த ஒரு சுள்ளி. தோள்பட்டை எலும்பு முறிந்து ஆறு வாரம் ஆய்வுக்கூடத்துக்கே வரவில்லை. அவர் அப்படியொன்றும் வேகமாகவும் போகவில்லை.

நடப்பது இதுதான். டயர் ஒரு சுள்ளியையோ கல்லையோ கவ்விக்கொள்கிறது. முன்சக்கரத்தின் பின்பக்கம் மேல்நோக்கி ஓடுவதால், அது மட்கார்டின் கீழ்நுனி வழியே உள்ளே நுழைகிறது. உள்ளே போகப்போக இடம் குறுகினால் ஆப்புப்போல் இறுகுகிறது. இறுகியதும் மட்கார்டையும் சேர்த்து இழுக்கிறது. கம்பி மடிகிறது. தகடு சுருண்டு ஃபோர்க்கின் அடியில் அடைத்துக்கொள்ள, சக்கரம் அந்தக் கணமே நின்றுவிடுகிறது.

இதைத் தடுக்க நான்கு வழிகள் உண்டு. ஒன்று, மட்கார்டின் கீழ்நுனியில் இடைவெளி சற்றுக் குறைவாகவும், மேலே ஃபோர்க்கை நோக்கிப் போகப்போக அதிகமாகவும் இருக்கும்படி கம்பிகளைச் சரிசெய்வது. நுழைந்தது எதுவாயினும் மேலே தாராளமாக வெளியேறிவிடும். இரண்டு, முன் கம்பிகளின் நுனியில், பலமாக இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் பாதுகாப்புக் கிளிப் வைத்த மட்கார்டாகப் பார்த்து வாங்குவது. சில ரூபாய் கூடினாலும் தயங்க வேண்டாம். மூன்று, எந்த மட்கார்டையும் ஒரே இடத்தில் கட்டி விடாமல், குறைந்தது இரண்டு இடங்களில் உறுதியாகப் பிடிக்கச் செய்வது. நான்கு, ஷாக் அப்சார்பர் ஃபோர்க் உள்ள வண்டியில், சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் கீழ்ப்பகுதியில் மட்டுமே மட்கார்டை மாட்டுவது. அசையாத தலைப்பகுதியில் மாட்டினால் ஃபோர்க் அமுங்கும்போது டயர் மேலே வந்து மட்கார்டில் மோதும்.

எல்லாம் மாட்டியபின் சோதனை. வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றி, உரசும் ஒலி கேட்கிறதா என்று காது கொடுங்கள். முன்பிரேக்கைப் பிடித்து ஹாண்டில்பாரை நாலைந்து முறை அமுக்குங்கள். ஹாண்டில்பாரை இருபுறமும் திருப்பி, பெடலில் வைத்த செருப்பின் நுனி மட்கார்டில் படுகிறதா என்று பாருங்கள். பட்டால், மெதுவாகத் திரும்பும்போது கவனம் வேண்டும். பிறகு விளையாட்டு மைதானத்துக் கரடுமுரடான பாதையில் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, எல்லாத் திருகுகளையும் மறுபடி முறுக்குங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை, உட்புறம் அப்பிய சேற்றை ஒரு குச்சியால் நீக்குங்கள். காய்ந்த செம்மண் செங்கல்லாகிவிடும். 1807-இல் புக்கனன் என்பவர் கேரளத்து அங்காடிப்புரத்தில் இவ்வகை மண்ணைக் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லாலேயே ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டார். அவர் காரணமில்லாமல் அப்பெயரை வைக்கவில்லை!

கையில் காசு இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. தண்ணீர் பிடிக்கும் பழைய நீலப் பிளாஸ்டிக் டிரம் ஒன்றைச் சுற்றுவாட்டில் 14 செ.மீ. அகலப் பட்டையாக அறுத்தால், சக்கரத்துக்கு ஏற்ற வளைவு பாதி தானே கிடைத்துவிடும். கடை மட்கார்டைப் போல ஓரங்கள் கீழே வளைந்திராததால் அகலம் சற்றுக் கூடுதலாக வேண்டும். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். இரசாயனப் பொருள் இருந்த டிரம்மைத் தொட வேண்டாம். இதையும் பின்சக்கரத்துக்கு மட்டுமே பரிந்துரைப்பேன். முன்சக்கரத்துக்கு முறையான மட்கார்டே வேண்டும்.

நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். புதிய மாணவர்கள் வந்து சேரும் வாரத்தில் வரவேற்புக் கூட்டமும் சிற்றுண்டியும் ஆண்டுதோறும் நடத்துகிறோம். அதே வாரத்துச் சனிக்கிழமை மாலை சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், குண்டு டயர் வண்டி வைத்திருக்கும் தம்பி தங்கையரின் மட்கார்டுகளைப் பார்த்து, வேண்டியதை இறுக்கிக் கொடுத்துவிடலாம். ஸ்பேனர் பெட்டியோடு நான் வருகிறேன். பழைய டியூப் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.